எட்டயபுரம்

எட்டயபுரம், தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் நிலப்பரப்பில் அமைந்துள்ள பேரூராகும். மகாகவி சுப்பிரமணிய பாரதியார் 1882 டிசம்பர் 11 அன்று இவ்வூரில் பிறந்தார். அவர் பிறந்த இல்லமும் அவர் பெயரால் எழுந்த மணிமண்டபமும் இன்று இவ்வூரின் தலையாய அடையாளங்களாக விளங்குகின்றன.

நாயக்கர் ஆட்சிக்காலத்தில் படைக்கடமையும் வரி தண்டும் உரிமையும் பெற்றிருந்த பாளையங்களுள் ஒன்றான எட்டயபுரம், ஆங்கிலேயர் காலத்தில் ஜமீனாக மாறியபோதும், புலவர்களையும் இசைவாணர்களையும் ஆதரிக்கும் வழக்கத்தைக் கைவிடவில்லை. அவைப்புலவராக இருந்த கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்ற உமறுப் புலவர், நபிகள் நாயகத்தின் வரலாற்றைக் கூறும் காப்பியமான சீறாப்புராணத்தைப் பாடினார். அவரது அடக்கத்தலம் இவ்வூரிலேயே உள்ளது. கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் இங்கு மறைந்தார். அவருடைய சமாதி இசையன்பர்கள் வழிபடும் இடமாக உள்ளது. அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதர், தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்புகளுடன் தொகுத்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூலை, ஜமீன் ஆதரவுடன் 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சேற்றினார்.

இத்தகைய சூழலில் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்த சுப்பிரமணியன், ஐந்து வயதில் தாயை இழந்தபோதிலும் இளமையிலேயே கவிபாடும் ஆற்றல் பெற்று, பதினோராம் வயதில் அரசவைப் புலவர்களிடம், கலைமகளைக் குறிக்கும் 'பாரதி' என்னும் பட்டத்தைப் பெற்றார். ஊரில் பஞ்சாலை நிறுவிப் பொருளிழந்த தந்தை 1898இல் காலமானதும் காசிக்குச் சென்ற பாரதியார், 1902இல் திரும்பி, அரண்மனைப் பணியில் இரண்டாண்டு இருந்தபின், 1904இல் மதுரையில் ஆசிரியராகவும் பின்னர் சென்னையில் சுதேசமித்திரன் இதழின் துணையாசிரியராகவும் பொறுப்பேற்றார். ஊரைப் பிரிந்தபோதும் அதன் பெரியோரை அவர் மறக்கவில்லை. 1906இல் சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது இரங்கற்பா பாடினார்.

பாரதியார் 1921இல் சென்னையில் மறைந்தபின், பிறந்த ஊரில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பும் முயற்சியை எழுத்தாளர் கல்கி கிருஷ்ணமூர்த்தி முன்னின்று நடத்தினார். அவரது வேண்டுகோளை ஏற்று மக்கள் அளித்த நன்கொடையைக் கொண்டு, 1945இல் இராஜாஜி அடிக்கல் நாட்டிய மணிமண்டபம், அதாவது சான்றோர் நினைவைப் போற்ற எழுப்பப்படும் மண்டபம், 1947 அக்டோபரில் அவராலேயே திறந்துவைக்கப்பட்டது. பாரதியார் கனவு கண்ட விடுதலை கிட்டிய இரண்டே மாதங்களில் நிகழ்ந்தமையால் இத்திறப்பு விழா தனிச்சிறப்புப் பெற்றது. அவர் பிறந்த வீடு 1973இல் அரசு நினைவில்லமாக்கப்பட்டது. பிறந்தநாளிலும் நினைவு நாளிலும் அங்கு அவருக்கு மரியாதை செலுத்தப்படுகிறது. உமறுப் புலவருக்கும் பின்னர் அரசின் சார்பில் மணிமண்டபம் அமைக்கப்பட்டது.

பாரதியின் ஊர் என்றே எட்டயபுரம் பெரிதும் அறியப்பட்டாலும், இசுலாமியக் காப்பியப் புலவர் ஒருவரும் கருநாடக இசை மேதை ஒருவரும் அடங்கிய மண்ணில், பல நூற்றாண்டுகள் தொடர்ந்த கலைமரபின் நடுவேதான் அவர் வளர்ந்தார். ஆகவே இவ்வூரின் நினைவுச்சின்னங்கள் அனைத்தையும் ஒரே மரபின் உறுப்புகளாகக் கருதிப் பேணுவதே பாரதிக்குச் செய்யும் முழுமையான சிறப்பாகும்.