கணவாய் வழி வந்த உரோம வெள்ளிக் காசுகள்

சேரநாட்டுக் கடற்கரையையும் கொங்கு நாட்டையும் இணைக்கும் இயற்கை வாயில் பாலக்காட்டுக் கணவாய். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இவ்வழியே யவனர் வணிகம் உள்நாடு புகுந்தது என்பதற்குப் புலவர் பாட்டு மட்டுமன்று, மண்ணும் சான்று தருகின்றது.

கணவாய்க்கு மேற்கே திருச்சூர் மாவட்டத்து எய்யாலில், உரோமப் பொற்காசுகளும் வெள்ளிக் காசுகளும் நம் நாட்டு முத்திரைக் காசுகளோடு ஒரே புதையலாகக் கிடைத்தன. கிழக்கே வாளையாற்றைக் கடந்தால் கோவையை அடுத்த வெள்ளலூர்; அங்கு 1842-இல் 522 உரோம வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. இடுக்கியின் மறையூரிலிருந்து சின்னாறு வழியாக இறங்கினால் உடுமலைப்பேட்டை. அதனை அடுத்த பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கிடைத்தன.

இக்காசுகளை இனங்காண்பது எங்ஙனம்? உரோமர் இவற்றைத் 'தெனாரியஸ்' என்றனர். விட்டம் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர். எடை 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. முத்திரைக் காசில் பல சிறு குறிகள் தனித்தனியே குத்தப்பட்டிருக்கும். உரோமக் காசிலோ ஒருபுறம் பேரரசனின் பக்கவாட்டுத் தலை, சுற்றிலும் இலத்தீன் எழுத்து. நம் பகுதியில் மிகுதியாகக் கிடைப்பவை இருவகையே. பின்புறத்தில் கேடயங்களோடும் ஈட்டிகளோடும் இரு இளைஞர் நின்றால் அஃது அகஸ்டஸ் காசு. அவ்விருவரும் அவன் மகவாக ஏற்ற பேரர்களான காயஸ், லூசியஸ். செங்கோலும் கிளையும் ஏந்திய பெண் அமர்ந்திருந்தால் டைபீரியஸ் காசு.

கி.பி. 64-இல் நீரோ மன்னன் காசின் எடையையும் வெள்ளித் தரத்தையும் குறைத்தான். அதற்கு முற்பட்ட காசுகளே இங்கு மிகுதி. நம் வணிகர் முகத்தைப் பாராது வெள்ளியின் தரத்தைப் பார்த்தே வாங்கினர் என அறிஞர் கருதுவது இதனாலேயே. ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய நல்ல காசு நெடுங்காலம் கைமாறக்கூடும். ஆகவே காசு அடித்த ஆண்டு, அது இங்கு வந்த ஆண்டாகாது. எழுத்து சிதைந்திருப்பின் உடனே போலி என ஒதுக்குதலும் தகாது. பண்டைக் காலத்திலேயே இந்நாட்டில் உரோமக் காசைப் பார்த்து அடித்தவையும் உண்டு. விளிம்பில் வார்ப்புத் தழும்பு தெரிந்தால் ஐயுறுதல் நன்று.

காசின் வரலாறு காசில் மட்டும் இல்லை. அது கிடந்த இடத்திலும், இருந்த பானையிலும், உடன்கிடந்த பொருளிலும் உள்ளது. தட்டான் உலையில் உருகிய புதையலும், ஊர்ப்பெயர் இழந்து சந்தைக்கு வந்த காசும் நமக்கு ஒன்றும் உரைக்கமாட்டா.

தாயகம் விட்டுப் பிறநாடுகளில் வாழும் நம் குடும்பங்களின் பழைய பெட்டிகளிலும், ஊரிலுள்ள நிலங்களிலும் இத்தகைய காசுகள் இருத்தல் கூடும். புளியிட்டுத் துலக்க வேண்டா. எடுத்த இடத்தை எழுதி வைப்போம். நிலத்தில் கிடைத்த புதையலை, 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படியும் கேரளத்தின் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் மாவட்ட ஆட்சியர்க்குத் தெரிவித்தல் கடமை. நினைவுப் பொருளாக அயல்நாட்டுக்கு எடுத்துச் செல்லவும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடந்தராது.

மிளகுக்கு ஈடாகக் கடல் கடந்து வந்த வெள்ளி இது. கடல் கடந்து வாழும் நாம், அது வந்து சேர்ந்த மண்ணின் பெயரை அதனிடமிருந்து பிரிக்காமல் காப்போமாக.