ஸ்டைவர், திருகோணமலை

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையிலேயே அடித்த தடித்த செப்புக்காசு. கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய நான்கு இடங்களும் தத்தம் முதலெழுத்தைப் பொறித்தன. திருகோணமலைக் காசில், பின்னிய ‘விஓசி’ என்ற கம்பெனி முத்திரைக்கு மேல் ‘டி’ என்ற ரோம எழுத்து நிற்கும். மறுபுறம் மதிப்பும் ஆண்டும். விளிம்பு ஒழுங்கற்றது, அச்சும் பெரும்பாலும் நடுவில் விழாது. அந்தக் கரடுமுரடுதான் இதன் அழகு. ஒல்லாந்திலிருந்து வந்த மெல்லிய டொயிட் காசுகள் நான்கு சேர்ந்தால் ஒரு ஸ்டைவர்.

1795 ஆகஸ்டில் பிரித்தானியர் திருகோணமலைக் கோட்டைகளைக் கைப்பற்றியதால், இங்கே கம்பெனியின் காசடிப்பு குறுகிய காலமே நீடித்தது.

சேகரிப்போருக்கு எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூலே இன்றும் முதல் வழிகாட்டி. செப்புக்காசைப் புளி போட்டு விளக்கக்கூடாது. பச்சைப் படலத்தோடு எழுத்தும் தேய்ந்துவிடும்.

இலங்கையில் 1815 மார்ச் 2க்கு முந்திய காசுகள் தொல்பொருட் சட்டத்துக்கு உட்பட்டவை. தோப்பூர், மூதூர், கொட்டியாரக் குடாக்கரையில் வயலிலோ கிணற்றடியிலோ பழங்காசு கண்டெடுப்பவர்கள் விற்றுவிடாமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.