இணையம்: ஆரணி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்கு வந்த வழி

கணினிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்ளும் இணைப்பே கணினி வலையமைப்பு. ஓர் அலுவலகத்துக்குள்ளோ ஆலைக்குள்ளோ முடிந்துவிடுவது உள்ளக வலை. புழக்கத்தில் லேன் என்பார்கள். உலகெங்கும் உள்ள இத்தகைய வலைகளைப் பொதுவான விதிகளால் பிணைத்தால் அது இணையம். இக்கட்டுரை அதன் வரலாற்றைத் திருவள்ளூர் மாவட்டத்தின் ஆரணிப் பேரூராட்சியையும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியையும் முன்வைத்துச் சொல்கிறது. பட்டுக்குப் பெயர்போன ஆரணி வேறு. அது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. இந்த ஆரணியிலிருந்து பஸ் ஏறி அரை நாளில் போய்வரும் தூரத்தில், சென்னையில், கடலடி வடங்கள் கரையேறுகின்றன. சிங்கப்பூரிலிருந்து கடல் கடந்து சென்னைக்கு வந்ததைவிட, சென்னையிலிருந்து இந்த வட்டாரத்து வீடுகளுக்கு வந்து சேரத்தான் இணையம் அதிகம் பாடுபட்டது.

முதலில் அது இயங்கும் விதம். ஆரணியில் ஒரு மாணவி பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவைக் கைப்பேசியில் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் பெயரைத் தட்டியதும் அந்தப் பெயருக்குரிய எண் தேடப்படுகிறது. கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது ஐபி முகவரி என்ற எண்ணால்தான். பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர். எண் கிடைத்ததும் கேள்வி சர்வருக்குப் போகிறது. பதில் ஒரே துண்டாக வருவதில்லை. சிறுசிறு பொட்டலங்களாக உடைந்து வருகிறது. ஒரு புத்தகத்தைத் தாள் தாளாகப் பிரித்து ஆரணியிலிருந்து செங்குன்றத்துக்கு வெவ்வேறு பஸ்களில் கொடுத்தனுப்பினால் சில தாள்கள் பெரியபாளையம் வழியாகவும் சில பொன்னேரி வழியாகவும் போகும். பக்க எண் இருப்பதால் போய்ச் சேர்ந்த இடத்தில் அடுக்கிவிடலாம், வராத தாளை மட்டும் திரும்பக் கேட்கலாம். பொட்டலங்களும் அப்படித்தான். சந்திக்குச் சந்தி நின்று வழிகாட்டும் கருவி ரவுட்டர். முகவரி போட்டு அனுப்புவது ஐபி விதி; வரிசைப்படுத்துவதும் விடுபட்டதைக் கேட்டு வாங்குவதும் டிசிபி விதி.

இந்த விதிகளின் அடிப்படையை 1974இல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்தவர்கள் விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும். அதற்கு முன்பே, 1969 அக்டோபர் 29 அன்று, கலிபோர்னியாவில் இரண்டு ஆய்வகக் கணினிகளுக்கிடையே இணையத்தின் முன்னோடி வலையான அர்ப்பாநெட்டின் முதல் செய்தி போனது. 1983 ஜனவரி 1 முதல் அந்த வலை டிசிபி/ஐபிக்கு மாறியது. 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த வலைத்தளங்களின் உலகம் இணையத்தின் மேல் ஓடும் ஒரு சேவை. மின்னஞ்சல் அதற்கும் மூத்த சேவை.

இந்தியாவில் தொடக்கம் கல்விக்கூடங்களில். மின்னணுத் துறை 1986இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கிய கல்வி, ஆய்வு வலையான எர்நெட்டில் கிண்டியிலுள்ள ஐஐடியும் ஓர் உறுப்பு. பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். வழியாக டெல்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ் நகரங்களில் திறந்தது. படங்களோடு பக்கம் பார்க்கும் கணக்குக்கு 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய். மாணவர்களுக்கு 500 ரூபாயில் எழுத்து மட்டும் தெரியும் கணக்கு. தொடக்க வேகமான 9.6 கேபிபிஎஸ்ஸில் 1 எம்பி படம் ஒன்று இறங்கக் கால் மணி நேரம் ஆகும். இணைப்பு தொலைபேசி அழைப்பு வழியே என்பதால், சென்னைத் தொலைபேசி எல்லைக்கு வெளியே இருந்தவர்களுக்கு வெளியூர் அழைப்புக்கான எஸ்.டி.டி. கட்டணமும் சேரும். திருவள்ளூர் அப்போது தனி மாவட்டம்கூட இல்லை, 1997இல்தான் பிரிந்தது.

இணையம் வீடுகளுக்கு வந்து சேராத சிக்கலின் வேர் செப்புக் கம்பியில் இருந்தது. 1984இல் அமைந்த அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட், குளிர்சாதனம் இல்லாமலே வெயிலிலும் தூசியிலும் ஓடும் 128 இணைப்புச் சிற்றூர்த் தொலைபேசி நிலையத்தை உருவாக்கியது. என் கணிப்பில் தமிழகச் சிற்றூர்களின் இணைய வரலாறு அந்தப் பெட்டியிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் நிலையத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் குழி தோண்டிக் கம்பி இழுக்கும் செலவை யாராலும் குறைக்க முடியவில்லை. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா வழிநடத்திய டெனெட் குழு இதைத்தான் குறிவைத்தது. மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அவர்கள் உருவாக்கிய கார்டெக்ட், கோபுரத்திலிருந்து பார்வைக்கு மறைவில்லாத 10 கிலோமீட்டர் வரை கம்பியே இல்லாமல் இணைப்புத் தந்தது. வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி. அதில் தொலைபேசிக்கு ஒரு துளை, கணினிக்கு ஒரு துளை. பேசிக்கொண்டிருக்கும்போதே இணையமும் 35 கேபிபிஎஸ்ஸில் ஓடும். அன்றைய மோடத்தில் போன் வந்தால் நெட் நிற்கும், நெட் ஓடினால் போன் கிடைக்காது. அதை அனுபவித்தவர்களுக்கே இதன் அருமை தெரியும்.

மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் 2001இல் கார்டெக்டைக்கொண்டு கிராமத்து இணைய மையங்கள் திறக்கப்பட்டன. அங்கே வலைக்கேமராவில் எடுத்த கண்ணின் படம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனது. ஆஸ்பத்திரிக்கு வரவேண்டுமா என்பதை மருத்துவர் அங்கிருந்தே சொன்னார். புதுச்சேரி வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தின் அறிவு மையம் இணையத்தில் எடுத்த அலை உயரக் கணிப்பைக் குழாய் ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு வாசித்தது. கைப்பேசி அலையின் முன் கார்டெக்ட் நிற்கவில்லை. ஆயினும் கடைசிக் கிலோமீட்டரை நம் ஊர் வெயிலுக்கும் வருமானத்துக்கும் ஏற்ப யோசித்த முதல் முயற்சியாக அதற்குரிய இடத்தை மறுக்க முடியாது.

கடல் வழி அவ்வளவு இழுபறி இல்லாமல் திறந்தது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும், சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமான ஐ2ஐ வடம் 2002இல் பயன்பாட்டுக்கு வந்தது. 2004இல் டாடாவின் வடம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்கும் வடம் போனது. இந்த வழிகள் எவ்வளவு உறுதி என்பதை 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சோதித்தது. கம்பங்களும் கோபுரங்களும் சாய்ந்தன. ஒரு கடலடி வடமும் பாதிக்கப்பட்டது. இணையம் பல ஊர்களில் ஊர்ந்தாலும் அடியோடு நிற்கவில்லை, ரவுட்டர்கள் பொட்டலங்களை மற்ற வடங்களுக்குத் திருப்பிவிட்டதால். சென்னைக்கு வடக்கே பல இடங்களில் கரண்டு வர நாட்கள் ஆனதால், வழி இருந்தும் மோடம் அணைந்தே கிடந்தது.

வீட்டுக்கு வந்த கதையைச் சுருக்கலாம். காசு கொடுத்துக் கடையில் நெட் பார்த்த பிரவுசிங் சென்டர் காலத்துக்குப் பின் 2005இல் பிஎஸ்என்எல் அகலப்பட்டை வந்தது. அன்றைய அரசுக் கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் இருந்தாலே அது அகலப்பட்டை. செப்புக் கம்பி நீள நீள வேகம் தேய்ந்ததால் தொலைபேசி நிலையத்துக்கு அருகில் இருந்தவர்களுக்கே அது முழுமையாகப் பயன்பட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ கைப்பேசிச் சேவை வந்து டேட்டா விலை சரிந்தபின் பெரும்பாலோருக்கு இணையம் என்றால் ரீசார்ஜ்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இணையத்தின் பயன் வேறு வகை. ஆலையின் எடைமேடை, கிடங்கு, கணக்குப் பிரிவு எல்லாம் ஒரே லேனில் இருந்தால் ஏற்றிய சரக்கின் எடை அப்படியே பில்லுக்குப் போகும். 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லை தாண்ட இ-வே பில் வேண்டும். இணையத்தில் விவரம் ஏற்றினால் 12 இலக்க எண் கிடைக்கும். அந்த எண் இல்லாமல் எல்லை தாண்டி ஆந்திராவுக்குள் லாரியை எடுக்கக் கூடாது. நெட் போனால் ஏற்றிய சரக்கோடு லாரி வாசலிலேயே நிற்கும். ரேஷன் கடையிலும் இதே கதை: கைரேகை வைத்ததும் விற்பனைக் கருவி சிம் வழியாகச் சர்வரைத் தேடுகிறது, சிக்னல் கிடைக்கும்வரை வரிசை நகராது.

மாநில அரசு 2018இல் அமைத்த தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்புக் கழகம், மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பை ஏற்றது. கண்ணாடி இழையின் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலேயே போகிறது. இது ஊராட்சிகளுக்கான திட்டம். பேரூராட்சியான ஆரணி அந்தக் கணக்கில் வராது, சுற்றியுள்ள சிற்றூர்களே வரும். அங்கும் திட்டத்தின் இழை ஊராட்சி அலுவலகம் வரைதான். அங்கிருந்து வீட்டுக்கு யாராவது கம்பி இழுத்தாக வேண்டும், பெரும்பாலும் உள்ளூர்க் கேபிள்காரர்.