ஒற்றை இயக்க ரிவால்வர்

ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்பும் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டிய சுழல் கைத்துப்பாக்கி, ஒற்றை இயக்க ரிவால்வர் எனப்படும். இதில் விசைக்கு உள்ள வேலை ஒன்றுதான்: நிறுத்திவைத்த குதிரையை விடுவிப்பது. இரட்டை இயக்க ரிவால்வரிலோ விசையை அழுத்தும்போதே குதிரை பின்னுக்குப் போகும், உருளை சுழலும், பிறகு குதிரை விடுபடும். (விசையையே குதிரை என்று சொல்வோரும் உண்டு. இங்கே குதிரை என்பது பின்புறம் நிமிர்ந்து நின்று, தோட்டாவை அடிக்கும் பாகம் மட்டுமே.)

இதன் கதை வங்காள விரிகுடாவைத் தொட்டுச் செல்கிறது. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1830இல், பதினாறு வயதில், கல்கத்தாவுக்குப் புறப்பட்ட ‘கோர்வோ’ என்னும் பாய்மரக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். சுழலும் உருளையின் மாதிரியை அந்தப் பயணத்தில்தான் மரத்தில் செதுக்கியதாகப் பின்னாளில் அவரே கூறினார். கோல்ட்டுக்கு அமெரிக்கக் காப்புரிமை 1836இல் கிடைத்தது. இன்று ஒற்றை இயக்கம் என்றதும் நினைவுக்கு வரும் வடிவம், அவர் இறந்த பின் அவருடைய நிறுவனம் 1873இல் வெளியிட்ட மாதிரி.

பிரிட்டிஷார் வேறு வழியில் போனார்கள். ராபர்ட் ஆடம்ஸ் 1851இலேயே விசையால் இயங்கும் ரிவால்வரைச் செய்துவிட்டார். பிரிட்டிஷ் படை 1887இல் ஏற்ற வெப்ளி ரிவால்வரும் இரட்டை இயக்கம் கொண்டதே. தமிழ் வாசகருக்கு ஒற்றை இயக்கம் அறிமுகமானது பெரும்பாலும் திரையிலும் காகிதத்திலும்தான்: ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’ (1972) போன்ற கௌபாய் படங்கள், சிவகாசி லயன் காமிக்ஸின் டெக்ஸ் வில்லர் கதைகள். அவற்றில் வரும் மின்னல் வேகத்துக்கும் இந்தக் கருவியின் இயல்புக்கும் தொடர்பு குறைவு. ஆற அமரச் சுடுவோருக்கு உகந்த துப்பாக்கி இது.

பழைய கோல்ட் அமைப்பில் குதிரையை மெல்லப் பின்னுக்கு இழுத்தால் நான்கு ‘கிளிக்’ ஓசைகள் கேட்கும். முதலாவது பாதுகாப்புப் பள்ளம். இரண்டாவது அரை நிலை. அங்கே நிறுத்தினால் உருளை தடையின்றிச் சுழலும். வலப்புறச் சிறுகதவைத் திறந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக இடலாம். நான்காவதில் குதிரை முழுதாக நிற்கும். பாதுகாப்புப் பள்ளத்தை நம்பக் கூடாது. துப்பாக்கி கீழே விழுந்து குதிரையில் அடிபட்டால் அந்தப் பள்ளம் உடைந்து, தோட்டா வெடித்துவிடலாம். அதனால் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்புவது வழக்கமாயிற்று. ஒரு தோட்டாவை இட்டு, அடுத்த அறையைக் காலியாக விட்டு, தொடர்ந்து நான்கை இட வேண்டும். பிறகு குதிரையை முழுதாக இழுத்து, கட்டைவிரலை எடுக்காமல் மெதுவாக இறக்கினால், அது காலி அறையின் மேல் வந்து அமரும். ரூகர் நிறுவனம் 1973இல் குதிரைக்கும் தோட்டாவைத் தட்டும் ஊசிக்கும் நடுவே ஒரு கடத்துத் தகட்டை வைத்தது. விசையை அழுத்தினால் மட்டுமே அந்தத் தகடு மேலே எழும் என்பதால் இவ்வகையில் ஆறையும் நிரப்பலாம். புதிதாகப் பழகுவோருக்கு இதுவே ஏற்றது.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தோட்டாவின் அளவு. .22 தோட்டாவின் ஈயக் குண்டு சுமார் 2.6 கிராம்; .45 கோல்ட்டின் குண்டு 16 கிராமைத் தாண்டும். பெரிய குண்டின் உதைப்புக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது. ஆகவே .22இல் தொடங்குவதே நல்லது. அதற்கு அடுத்த படிக்கு .357 மேக்னம் துப்பாக்கி பொருந்தும், அதில் மென்மையான .38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம். குழலின் வழக்கமான நீளங்கள் நாலே முக்கால், ஐந்தரை, ஏழரை அங்குலம். நீண்ட குழலில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடும், குறிப்பிழை சட்டென்று கண்ணில் படும். ஆனால் நீட்டிய கை சீக்கிரம் சோரும். இலக்குச் சுடுதலுக்குத் திருகி நகர்த்தக்கூடிய பின்குறி வேண்டும். பழைய மாதிரிகளில் அது வெறும் பள்ளம்தான்.

உலகத் துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் 25 மீட்டர் சென்டர்ஃபயர் போட்டியில் குழல் 153 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. குண்டின் விட்டம் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மேக்னம் தோட்டாவுக்கு இடமில்லை. ஏழரை அங்குலக் குழலும் .45உம் இங்கேயே கழிந்துவிடும். துல்லியச் சுற்றில் தொடருக்கு ஐந்து தோட்டாக்கள், ஐந்து நிமிடம். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். ஐந்தே நிரப்பும் பழைய வழக்கம் இந்த விதியோடு தற்செயலாக ஒத்துப்போகிறது.

சுடும்போது இதன் குதிரை நீண்ட தூரம் பாய்ந்து வந்து அடிக்கிறது. விசை விடுபட்ட பின்னும் ஒரு கணம் குறியை அசையாமல் வைத்திருக்கத் தெரியாதவருக்குக் குண்டு விலகிப்போகும். வளைந்த கைப்பிடி, உதைப்பை உள்ளங்கையில் சற்றே உருட்டிவிடும். இறுக்கிப் பிடித்து அதைத் தடுக்க முயல்வது புதியவர்களின் பிழை. அடுத்த தோட்டாவுக்குக் குதிரையை மறுபடி இழுக்கும் இடைவெளியில் மூச்சும் கையும் நிலைக்கு வரும். இதன் சுகமே அந்த இடைவெளிதான்.

பினாங்கு போன்ற கடலோர ஊர்களின் ஈரத்தில் கருநீலப் பூச்சுள்ள இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்கா எஃகு மேல். தோலுறையில் போட்டு வைப்பது தவறு, தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

மலேசியாவில் இந்தத் தேர்வெல்லாம் சட்டத்துக்குப் பிறகுதான். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. உரிமம் வழங்குபவர் மாநிலப் போலீஸ் தலைவர். காற்றுத் துப்பாக்கியும் இதே சட்டத்தில் அடங்கும். 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் (கூடுதல் தண்டனை) சட்டம், சட்டவிரோதமாக வைத்திருப்போருக்கு 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் விதிக்கிறது.

பினாங்கு ஜோர்ஜ்டவுனின் பழைய சுடுதிடல் ஆயர் ஈத்தாம் பக்கம் இருந்தது. 1960களில் அந்த இடத்தில் 17 மாடிக் கட்டடங்கள் ஆறும் 18 மாடிக் கட்டடங்கள் மூன்றும் எழுந்தன. இன்றும் அந்தக் குடியிருப்புக்கு ரைபிள் ரேஞ்ச் என்றே பெயர். மலாயில் பாடாங் தெம்பாக்.