வாதையின் குரலும் மனநல மருத்துவமும்: நாஞ்சில் நாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை கட்டும் வேலை 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. திருவிதாங்கூரை மூலம் திருநாள் ஆண்ட காலம் அது. கட்டுமானத்தை முன்னின்று நடத்தியவர் பொறியாளர் மிஞ்சின். அதே 1906இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் மார்ட்டன் பிரின்ஸ், ஒரே பெண்ணிடம் மாறிமாறி வெளிப்பட்ட பல ஆளுமைகளைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். மூன்றாண்டு கழித்து, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் தொகுத்த ஏழு தொகுதிகள் வந்தன. அவற்றுள் காணிக்காரர் என்ற பழங்குடியினர் பற்றிய பகுதி, அவர்களின் மந்திரவாதியான பிலாத்தி நோயுற்றவரின் முன்னமர்ந்து கொக்கரை என்னும் கருவியை உரசி மந்திரம் பாடுவதைப் பதிவு செய்கிறது. பேச்சிப்பாறையைச் சுற்றிய மலைகளில் காணிக்காரர் இன்றும் வாழ்கிறார்கள். பாஸ்டன் மருத்துவரும் மலையிலிருந்த பிலாத்தியும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியில்லை. ஆயினும் இருவர் முன்னும் நின்றது ஒரே கேள்விதான்: ஒருவர் வாய்வழியே வேறொருவர் பேசினால் அந்த வேறொருவரை என்ன செய்வது? விரட்டுவதா, விசாரிப்பதா?

மன அதிர்ச்சிக்குப் பின் ஒருவரின் அடையாளமே பிளவுபடும் நிலையை இன்று விலகல் அடையாளக் கோளாறு என்கிறோம். ‘மல்டிபிள் பெர்சனாலிட்டி’ என்று திரைப்படங்கள் வழியே பலரும் அறிந்தது இதுதான். நாஞ்சில் நாட்டு மரபும் மேலை மருத்துவமும் இதைத் தனித்தனியே எதிர்கொண்ட வரலாற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. இரண்டிலும் பலன் தந்தது விசாரித்த வழி. கேடு செய்தது விரட்டிய வழி. நாஞ்சில் நாடு இந்த விசாரணையை மருத்துவத்துக்கு வெகுகாலம் முன்பே ஒரு கலையாக வளர்த்திருந்தது. ஆனால் அதை ஒரு முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டது. இறந்தவரின் துயரைக் கேட்ட அளவுக்கு, அந்த இறந்தவரைச் சுமந்து நிற்கும் உயிருள்ள பெண்ணின் துயரைக் கேட்கவில்லை.

மருத்துவத்தின் கதை பேயிலிருந்துதான் தொடங்குகிறது என்பதை அத்துறையே பல காலம் மறந்திருந்தது. பாரிஸின் சல்பேத்ரியேர் மருத்துவமனையில் 1890ஐ ஒட்டி உளவியலாளர் பியேர் ஜானே ஒரு நோயாளியை ஏற்றார். மருத்துவ இலக்கியம் அவரை அஷீல் என்ற புனைபெயரால் அறியும். தம்மைச் சாத்தான் பிடித்திருப்பதாக நம்பிய அவர் தெய்வநிந்தனை பேசினார், அலறினார். ஜானே சாத்தானை மறுத்து வாதாடவில்லை. நோயாளியின் கவனம் வேறெங்கோ இருக்கையில் அவர் கையில் பென்சிலைக் கொடுத்து, எழுத்து வழியே சாத்தானோடு உரையாடினார். சாத்தானின் வீம்பைத் தூண்டியே நோயாளியை அறிதுயிலுக்குக் கொண்டுபோனார். வெளிவந்த செய்தி எளியது. வெளியூர்ப் பயணத்தில் மனைவிக்குத் துரோகம் செய்த அம்மனிதர், அதைச் சொல்லவும் முடியாமல் மறக்கவும் முடியாமல் தவித்திருக்கிறார். மனைவி மன்னிப்பதாக ஒரு காட்சியை ஜானே அவர் மனத்தில் எழுப்பினார், சாத்தான் அகன்றது. 1889இல் வெளிவந்த நூலிலேயே ஜானே இதற்கான அடிப்படையை வகுத்திருந்தார்: தாங்க முடியாத நினைவு மற்ற நினைவுகளோடு சேராமல் தனித்து நின்று, தனக்கென ஒரு குரலைப் பெற்றுவிடுகிறது.

இனி நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். ராபர்ட் கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சீமையின் பேயாட்டத்தை விவரித்தார். திருவிதாங்கூரிலிருந்த மிஷனரி சாமுவேல் மட்டீர் 1871இலும் 1883இலும் எழுதினார். இருவரின் கண்ணிலும் அது ஒழிக்க வேண்டிய இருள். அவர்களுக்கு முன்பே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் பலியிடலையும் பேய் வழிபாட்டையும் கைவிடச் சொன்னார். ஒடுக்கப்பட்ட மக்களின் அச்சத்தைப் போக்கும் அறம் அதில் இருந்தது. ஆனால் அந்த ஆட்டத்தின் உள்ளமைப்பை ஆராய இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் குமரி மாவட்டத்தில் களப்பணி செய்து 1988இல் வெளியிட்ட வில்லுப்பாட்டு ஆய்வு, கதைகளைப் பிறப்புக் கதை என்றும் இறப்புக் கதை என்றும் பிரிக்கிறது. தேவர்களாய்ப் பிறந்து வந்தவர்களின் கதை ஒன்று. மனிதராய் வாழ்ந்து, வஞ்சகத்தாலோ வன்முறையாலோ கொல்லப்பட்டுத் தெய்வமானவர்களின் கதை மற்றொன்று. கொடையின் உச்சப் பொழுதுகளில் பாடப்படுவதும், அருளாட்டத்தை ஆழமாக எழுப்புவதும் இந்த இரண்டாம் வகையே என்பது அவர் கண்டது. நாகர்கோவில் ஆய்வாளர் அ.கா. பெருமாள் பல்லாண்டு தொகுத்த தெய்வக் கதைகளும் இதற்குச் சான்று. முப்பந்தல் இசக்கியின் பின்னாலிருக்கும் நீலி, நகைக்காக நம்பியவனாலேயே கள்ளிக்காட்டில் கொல்லப்பட்டவள்.

இந்த அமைப்பின் கூர்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அநியாயமாகச் செத்தவர் அடங்கமாட்டார். அவர் ஓர் உடலில் ஏறி வருவார். அவர் யார், எப்படிச் செத்தார், என்ன கேட்கிறார் என்று ஊர் கூடி விசாரிக்கும். புலவர் வில்லடித்து அந்தச் சாவை அடியடியாகச் சொல்வார். கேட்டதைக் கொடுத்து, பீடம் போட்டு, ஆண்டுதோறும் கொடை நடத்துவார்கள். கொடுமையை மறைக்காமல் பொதுவில் சொல்லவைக்கிறது இம்மரபு. சொன்னதைச் சாட்சியாக நின்று கேட்கவும் ஆளை வைக்கிறது. மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் அதிர்ச்சி மருத்துவத்தின் நடுப்பகுதியாக வைத்த இரண்டு செயல்களும், நினைவுகூர்தலும் துக்கம் காத்தலும், இங்கே கோயில் முற்றத்திலேயே நடந்துவந்திருக்கின்றன.

பிறகு ஏன் இதுவே போதும் என்று சொல்லிவிட முடியாது? கல்பனா ராம் குமரிக் கடற்கரையின் முக்குவர் பெண்களிடையே செய்த ஆய்வு (1991) விடையின் ஒரு பகுதியைத் தருகிறது. கத்தோலிக்கக் குடும்பங்களின் பெண்களைப் பிடிப்பதாகச் சொல்லப்பட்டவை இந்துத் தெய்வங்கள், குறிப்பாக இசக்கி. தீர்த்துவைப்பவர்கள் மாதாவும் புனிதர்களும். பிடிக்கிற குரல் எப்போதும் வெளியிலிருந்து வந்ததாகிறது. வீட்டுக்குள் நடந்ததைச் சொல்ல அந்த ஏற்பாட்டில் இடம் சுருங்கிவிடுகிறது. வட தமிழகத்தில் ஆய்ந்த இசபெல் நபோகோவ் 2000இல் இன்னும் கடுமையாகச் சொன்னார். அவர் கண்ட பேயோட்டுச் சடங்குகளில், கணவனோடு ஒட்டாத இளம்பெண், அற்பாயுளில் செத்த ஏதோ ஓர் ஆணின் பெயரைச் சொல்லும் வரை வற்புறுத்தப்படுகிறாள். சொன்னதும் ஒரு கற்றை முடியை மரத்தில் ஆணியடித்து, அவளை இல்லறத்துக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். பேய் போய்விட்டது, அவள் ஏன் ஒட்டவில்லை என்ற கேள்வி எழவே இல்லை. தன் கதையைச் சொல்ல வாய் திறந்தவளிடம் இன்னொருவர் கதையைச் சொல்லி முடிக்கச் செய்வது, என் கருத்தில், காயத்தின் மேல் இன்னொரு காயம்.

இதற்கிடையே மேலை மருத்துவம் தன் பாதையில் தடுமாறியது. பிராய்டின் செல்வாக்கில் ஜானே பின்னுக்குப் போனார். 1957இல் ‘ஏவாளின் மூன்று முகங்கள்’, 1973இல் ‘சிபில்’ என்ற இரு நூல்களும் பொதுமக்களின் கவனத்தைக் கட்டியிழுத்தன. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேட்டின் மூன்றாம் பதிப்பு பன்முக ஆளுமையைத் தனி நோயாக ஏற்றது. 1994இல் அதன் பெயர் விலகல் அடையாளக் கோளாறு என மாறியது. பிராங்க் பட்னமும் குழுவினரும் 1986இல் ஆராய்ந்த 100 நோயாளிகளில் 97 பேர் குழந்தைப் பருவத்தில் பெருங்கொடுமைக்கு ஆளானதைச் சொல்லியிருந்தனர். இந்தியாவிலோ இத்தகைய நோயாளிகள் அரிதாகவே பதிவானார்கள். சண்டிகரின் வர்மா, போரி, விக் மூவரும் 1981இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள்: மேற்கில் பல ஆளுமைகளாக வெளிப்படுவது இங்கே சாமியாகவும் பேயாகவும் வெளிப்படுகிறது. 1989இல் ஆதித்யாஞ்சி குழுவினர் இந்திய இளையோர் சிலரிடம் பன்முக ஆளுமையையே பதிவுசெய்தபோதும் அது விதிவிலக்காகவே நின்றது. 1992இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாடு பேய்பிடி நிலைக்குத் தனி எண் கொடுத்தது. 2013இல் அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, சில பண்பாடுகளில் அடையாளப் பிளவு பேய்பிடித்தலாக உணரப்படலாம் என்று நோயின் வரையறைக்குள்ளேயே எழுதியது. ஜானே தொடங்கிய இடத்துக்கு மருத்துவம் திரும்பிவர நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

முதல் மறுப்பு இங்கேயே எழும்: கொடையில் சாமியாடும் கோமரத்தாடியை நோயாளி ஆக்குகிறீர்களா? இல்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் பதினோராம் வகைப்பாடும் இதில் தெளிவாக இருக்கிறது. ஒரு சமூகம் ஏற்ற வழிபாட்டின் பகுதியாக, விரும்பி வரவழைத்து, முடிந்ததும் நீங்கும் நிலை நோயாகாது. விரும்பாமல் வந்து, வாழ்க்கையைக் குலைத்து, துன்பம் தருவதே நோய். கொடையில் ஆடுபவர் மறுநாள் ரப்பர் வெட்டவோ வயலுக்கோ போய்விடுகிறார். அவருக்கு மருத்துவர் தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. இந்த நோயே சிகிச்சையாளரின் தூண்டலாலும் ஊடகத்தாலும் உருவாவது என்று நிக்கோலஸ் ஸ்பானோஸ் 1994இல் வாதிட்டார். ‘சிபில்’ கதையில் மருத்துவரின் தூண்டல் எவ்வளவு என்பதை டெபி நேதன் 2011இல் ஆவணங்களோடு காட்டினார். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. தூண்டிப் பெறும் வாக்குமூலத்தின் ஆபத்து பேயோட்டியிடமும் மருத்துவரிடமும் ஒன்றுதான். ஆனால் இதனால் நோயே பொய்யாகிவிடாது. சிமோன் ரைண்டர்ஸ் குழுவினர் 2012இல் மூளைப் படிமங்களை ஒப்பிட்டபோது, நோயாளிகளிடம் கண்ட மாற்றங்களை அதே நிலையை நடித்துக்காட்டிய கற்பனைத் திறன் மிக்கவர்களிடம் காணவில்லை. உகாண்டாவில் மார்யோலைன் வான் டைல், ஆவி பிடித்தவர்களிடம் மற்றவர்களைவிட அதிர்ச்சி அனுபவங்களும் விலகல் அறிகுறிகளும் மிகுந்திருப்பதை 2010இல் காட்டினார். நமக்கு நெருக்கமான சான்று ஈழத்தினுடையது. மட்டக்களப்பில் போர்க்காலத்தில் காளி வாக்குச் சொன்ன பெண்கள், காணாமற்போனவர்களின் வேதனையைத் தம் உடலில் ஏற்று, தேடிவந்த குடும்பங்களிடம் பேசியதைப் பட்ரிசியா லாரன்ஸ் பதிவு செய்திருக்கிறார். யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் சக ஆய்வாளர்களும் 2008இல் வட இலங்கையின் உருவேறல் நிலைகளை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். வாய்விட்டு அழவே தடை இருந்த ஊர்களில், அழுகைக்கு அம்மன் குரலே வழியானது. இதை எந்த மருத்துவரும் தூண்டி உண்டாக்கவில்லை.

அப்படியானால் சிகிச்சை எப்படி இருக்க வேண்டும்? ஜானே வகுத்த மூன்று நிலைகளே இன்றும் அடித்தளம்: முதலில் பாதுகாப்பும் நிதானமும், பிறகு நினைவோடு பழகுதல், இறுதியில் பிரிந்தவற்றை ஒன்றுசேர்த்தல். பன்னாட்டு அதிர்ச்சி-விலகல் ஆய்வுக் கழகத்தின் 2011 வழிகாட்டி, உள்ளிருக்கும் எந்தக் குரலையும் பகையாக நடத்தக் கூடாது, ஒன்றை ஒழித்து மற்றொன்றைக் காப்பாற்றக் கூடாது, எல்லாமே ஒரே மனிதரின் பகுதிகள் என்கிறது. கோபமாய்க் கத்தும் குரல்கூட ஒருகாலத்தில், குழந்தையாக இருந்த அவரைக் காக்க முயன்றதாகவே இருக்கும். அதிர்ச்சி நினைவை அவசரப்பட்டுக் கிளறினால் நோய் முற்றும். ஆகவே வீட்டில் அடி தொடர்கிறதா, தற்கொலை எண்ணம் இருக்கிறதா, வலிப்பு நோய் போன்ற உடற்காரணம் உண்டா என்று பார்ப்பதே முதல் வேலை. அடையாளப் பிளவைத் தீர்க்கும் மாத்திரை இல்லை. உடன்வரும் மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து உதவும். மற்றதெல்லாம் பல ஆண்டு நீளும் பேச்சு.

மூன்றாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: கோயிலிலேயே குணமாகும்போது மருத்துவமனை எதற்கு? தமிழகத்தின் ஒரு கோயிலில் தங்கிய மனநோயாளர் 31 பேரை ரகுராமும் குழுவினரும் ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். எந்த வைத்தியமும் செய்யாமலே அவர்களின் அறிகுறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அங்கே அடியோ சங்கிலியோ இல்லை. இடமும் பரிவும் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடி தர்காவை ஒட்டிய மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் மாண்டார்கள். இரண்டும் வழிபாட்டுத் தலத்தை ஒட்டியே நடந்தவை. ஆகவே கோயிலா மருத்துவமனையா என்று கேட்பது வீண். கட்டாயம் இருந்ததா என்றுதான் கேட்க வேண்டும். அடையாளப் பிளவு உள்ளவர்களுக்குச் செய்த பேயோட்டுதல் தீங்கு விளைவித்ததாக ஃப்ரேசர் 1993இல் எழுதினார். 1998இல் புல், எல்லாசன், ராஸ் மூவரும் நற்பலன் கண்ட சிலரை ஆராய்ந்தபோது, அவர்களின் சம்மதமும், வற்புறுத்தல் இல்லாமையும், அவர்களே முனைந்து பங்கெடுத்ததும் காரணமெனத் தெரிந்தது. 2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எவ்வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துவிட்டது. சாட்டைக்கும் மிளகாய்ப் புகைக்கும் அதே தடை சமூகத்தின் மனத்திலும் வர வேண்டும்.

பேச்சிப்பாறை மலையிலிருந்து நாகர்கோவில் வெகுதூரம். குலசேகரத்தில் பேருந்து மாறி ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாதந்தோறும் போய்வரக் கூலிவேலைக் குடும்பத்தால் எளிதில் முடியாது. பாதிக்கப்பட்டவரை முதலில் பார்ப்பவர் பிலாத்தியாகவோ, கோயில் பூசாரியாகவோ, ஊரின் செவிலியராகவோதான் இருப்பார். இவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியது நோய்ப் பெயரை அன்று. வந்திருப்பது யார் என்று கேட்கத் தெரிந்தவர்கள், அந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: இவளுக்கு என்ன நடந்தது? அதைத் தனியறையில், வீட்டார் இல்லாமல், பதிலை வாயில் ஊட்டாமல் கேட்க வேண்டும். அவள் சிறுமியாக இருந்து, நடந்தது பாலியல் குற்றமாகவும் இருந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்யும் கடமை கேட்டவருக்கு உண்டு. இந்த இடத்தில்தான் மரபின் விசாரணை நின்றுபோனது. தொடர வேண்டியதும் இங்கிருந்துதான்.

கடைசியாக, சிகிச்சையின் முடிவைப் பற்றி. எல்லாக் குரல்களும் கரைந்து ஒன்றாவதே குணம் என்று முன்பு கருதினார்கள். இன்றைய வழிகாட்டி அதை உயர்ந்த இலக்காக வைத்தாலும், அது கைகூடாத பலருக்குக் குரல்கள் ஒன்றையொன்று அறிந்து, ஒத்து வாழ்வதையும் நல்ல முடிவாக ஏற்கிறது. இந்த இரண்டாவது முடிவு நாஞ்சில் நாட்டுக்குப் பழக்கமானது. இசக்கியை இங்கே யாரும் அழிக்கவில்லை; அவளுக்கு இடம் கொடுத்தார்கள், அவள் பட்டதைப் பாடினார்கள், அவள் கோபத்துக்கு நாளும் பொழுதும் குறித்தார்கள். தனக்குள் கத்தும் குரலைக் கண்டு நடுங்கும் ஒரு பெண்ணிடம் இப்படியும் ஒரு முடிவு உண்டு என்று விளக்க, குமரி மாவட்டத்தில் பணியாற்றும் மருத்துவர் வேற்றுமொழி நூல்களைத் தேட வேண்டியதில்லை.