குளோரோஃபார்ம்: முதலில் நிற்பது மூச்சா, இதயமா?

குளோரோஃபார்ம் என்றதும் உங்களுக்குப் பழைய சினிமா வில்லனின் கைக்குட்டைதான் நினைவுக்கு வரும். முகர்ந்த மறுநொடியே கதாநாயகி சாய்ந்துவிடுவார். நிஜத்தில் அப்படி இல்லை. மயக்கம் வரச் சில நிமிடங்களாவது ஆகும்.

1847 நவம்பரில் எடின்பரோவைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன், இரண்டு நண்பர்களுடன் தன் வீட்டிலேயே இதை முகர்ந்து பார்த்தார். பிடித்துப்போய், பிரசவ வலிக்குக் கொடுக்கத் தொடங்கினார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரியில் நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் இந்த மருந்தால் இறந்துபோனாள். அவளுக்கு நடந்தது கால்விரல் நகம் எடுக்கும் சின்ன ஆபரேஷன்தான்.

ஆனாலும் மருந்து பரவியது. 1853இல் விக்டோரியா மகாராணிக்கே பிரசவத்தின்போது ஜான் ஸ்னோ இதைக் கொடுத்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திடீர் மரணங்களும் தொடர்ந்தன. முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்று டாக்டர்கள் பல ஆண்டுகள் சண்டை போட்டார்கள். வெறும் வாய்ச்சண்டை இல்லை இது. மயக்கம் கொடுப்பவர் நாடியைப் பிடித்திருக்க வேண்டுமா, மூச்சைக் கவனிக்க வேண்டுமா என்பதே கேள்வி.

இதற்கு விடை தேடியது நம் பக்கத்து ஹைதராபாத் என்பது பலருக்குத் தெரியாது. அங்கிருந்த டாக்டர் எட்வர்ட் லாரி, 'மூச்சைப் பார்த்தால் போதும்' என்பதில் பிடிவாதமாக இருந்தார். நிஜாம் பணம் கொடுத்தார். 1888இல் ஒரு கமிஷன். அதை லண்டன் நம்பாததால் 1889இல் இன்னொன்று. லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்ற மருந்தியல் நிபுணரே வந்தார். பாவம், ஏராளமான நாய்களும் குரங்குகளும் செத்தன. தீர்ப்பு லாரி பக்கமே வந்தது: முதலில் நிற்பது மூச்சுதான்.

அது பாதி உண்மைதான். மருந்து அதிகமானால் மூச்சு நிற்கும், சரி. ஆனால் 1911இல் குட்மன் லெவி பூனைகளை வைத்து வேறொன்றைக் காட்டினார். அரைகுறை மயக்கத்தில், உடலில் அட்ரினலின் பாயும்போது, இதயம் திடீரெனத் துடிதுடித்து நின்றுவிடலாம். அதாவது, பயந்து பயந்து கொஞ்சமாகக் கொடுப்பதிலும் ஆபத்து இருந்தது!

இன்று ஆபரேஷன் தியேட்டரில் குளோரோஃபார்ம் இல்லை. செவோஃப்ளூரேன் போன்றவை வந்துவிட்டன. மயக்க மருந்து டாக்டர் உங்கள் நெஞ்சில் ஒட்டும் ஈ.சி.ஜி. வில்லைகள் இதயத்தைப் பார்க்கின்றன. குழாயில் பொருத்திய கருவி, நீங்கள் விடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கிறது.