தலைமைப் பணியில் சோர்வு: பொறுப்பு, அதிகாரம், பதிலாள்

1998 ஆகஸ்ட் இறுதியில் நார்வேயின் பிரதமர் ஷெல் மாக்னே பொன்டெவிக், பணிச்சுமையால் மனச்சோர்வுக்கு ஆளானதாகப் பகிரங்கமாக அறிவித்து விடுப்பில் சென்றார். மூன்று வாரத்துக்கும் மேல் அவர் அலுவலகம் வரவில்லை. பண்பாட்டு அமைச்சர் ஆனே எங்கர் லான்ஸ்டைன் பிரதமர் பொறுப்பைக் கவனித்தார். செப்டம்பரில் பொன்டெவிக் திரும்பினார். 2000இல் அவருடைய அரசு கவிழ்ந்தது எரிவாயு மின்நிலையச் சிக்கலால். உடல்நலமோ மனநலமோ அதற்குக் காரணமில்லை. 2001இல் மீண்டும் பிரதமராகி நான்கு ஆண்டுகள் ஆண்டார்.

இந்த நிகழ்வை ஒரு தனிமனிதரின் துணிச்சலாகப் பாராட்டுவதே வழக்கம். துணிச்சல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆய்வாளர் கவனிக்க வேண்டியவர் லான்ஸ்டைன். கையெழுத்திடும் அதிகாரத்தோடு ஒருவர் அந்த நாற்காலியில் அமர முடிந்ததால்தான் பிரதமர் ஓய்வெடுக்க முடிந்தது. தலைமைப் பணியில் இருப்பவரைச் சோர்விலிருந்து காப்பது முதன்மையாக அவருடைய மன உறுதியன்று, பதவி அமைக்கப்பட்டுள்ள விதமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

பணிச்சோர்வை 1974இல் ஆய்வுப் பொருளாக்கிய ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர், நியூயார்க்கின் இலவச மருத்துவமனையொன்றில் தொண்டு செய்தவர்களிடம் அதைக் கண்டார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதன் மூன்று கூறுகளை வகுத்தார்: களைப்பு, பணியின்மீதும் மனிதர்மீதும் வரும் வெறுப்பு, ‘நான் எதையும் சாதிக்கவில்லை’ என்ற எண்ணம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோயாகக் கொள்ளாமல், சரிவரக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. காரணம் பணியிடத்தில் இருக்கிறது. மருந்தை மட்டும் நாம் தனிமனிதருக்கு எழுதிக்கொடுக்கிறோம்: மூச்சுப் பயிற்சி, தியானம், ஒருநாள் கருத்தரங்கம்.

மேலே போகப் போக அழுத்தம் கூடும் என்பது பொதுநம்பிக்கை. 1958இல் ஜோசப் பிரேடி குரங்குகளை வைத்து நடத்திய சோதனை இதற்கு வலுவூட்டியது. மின்னதிர்ச்சியைத் தடுக்கும் விசை எவற்றின் கையில் இருந்ததோ அந்தக் குரங்குகளுக்கே குடற்புண் வந்தது. ஆனால் அக்குரங்குகள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படவில்லை. வேகமாக விசையை அழுத்தியவையே அந்த இடத்தில் வைக்கப்பட்டன. எலிகளைக் கொண்டு ஜே வைஸ் முறையாகச் சோதித்தபோது விடை தலைகீழானது: கட்டுப்பாடு கையிலிருந்த எலிகளுக்குப் புண் குறைவு. 1967இல் லண்டனில் தொடங்கிய வைட்ஹால் ஆய்விலும் இதய நோயால் அதிகம் இறந்தவர்கள் உயரதிகாரிகள் அல்லர், கடைநிலை ஊழியர்களே. புகைப்பழக்கம் போன்றவை இந்த வேறுபாட்டில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. மன அழுத்தத்தைத் தாங்கக்கூடியவர்களே மேலே வருகிறார்கள் என்றும் வாதிடலாம். அந்த ஐயத்தை இத்தகைய ஆய்வுகள் முழுதும் நீக்கிவிடவில்லை. எலிச் சோதனைக்கு மட்டும் அது பொருந்தாது.

அப்படியானால் எந்தத் தலைவர் முறிந்துபோகிறார்? பொறுப்பு தலைவருக்குரியதாகவும் அதிகாரம் கடைநிலை ஊழியருக்குரியதாகவும் இருப்பவர். நம்மிடையே இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர். அவர் வகுப்பும் எடுக்க வேண்டும். சேர்க்கை, காலை உணவு, சத்துணவு, விலையில்லாப் பொருள்கள், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றம், கழிப்பறைத் தூய்மை என அனைத்துக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். ஆனால் காலியிடத்தை நிரப்பவோ கூடுதலாக ஓர் ஆசிரியரைக் கேட்டுப் பெறவோ அவரால் இயலாது. ஓர் ஓட்டைக் கூரைக்கும் மேலிடத்து ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். தலைமையாசிரியர் பணியிடமே காலியானால் மூத்த ஆசிரியர் ‘பொறுப்பு’ ஆகிறார். பழைய வகுப்பும் அவர் தலைமேல்தான். ஈராசிரியர் பள்ளியில் பதிலாளுக்கு எங்கே போவது? தலைமையாசிரியர் விடுப்பெடுத்த நாளிலும் கைப்பேசியில் புள்ளிவிவரம் கேட்கிறார்கள்.

அதிகாரம் இருந்தாலே போதும் என்று சொல்லவில்லை. 2023 ஜனவரியில் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன், இனி இப்பணிக்கு வேண்டிய ஆற்றல் தம்மிடம் இல்லை என்று விலகினார். அதிகாரத்துக்கு எந்தக் குறையும் இல்லாதவர் அவர். பயங்கரவாதத் தாக்குதல், எரிமலை வெடிப்பு, பெருந்தொற்று என அடுத்தடுத்து வந்த ஐந்தாண்டுச் சுமையை எந்த ஏற்பாடும் முழுதாகத் தாங்கியிருக்காது. ஆயினும் விலகும் வழி அவருக்குத் திறந்திருந்தது. நம் தலைமையாசிரியருக்கு அது வாழ்வாதாரத்தை இழக்கும் வழி.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் உடல்நோய்க்கு நிகராக நடத்தப்படவும் சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படவும் உரிமை தருகிறது. சட்டம் இருந்தும் மருத்துவ விடுப்பு விண்ணப்பத்தில் முதுகுவலி என்றே எழுதுகிறவர்கள் உண்டு. விடுப்பில் போனால் இடத்தை யார் பார்ப்பார் என்ற கேள்விக்கு விடையில்லாத இடத்தில் மனநலத்தைப் பற்றிப் பேச யாரும் துணிய மாட்டார்கள்.

ஆகவே பள்ளிக் கல்வித் துறை மூன்றைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும், தேவையானால் அருகிலுள்ள பள்ளியிலிருந்து, கையெழுத்து அதிகாரமுள்ள ஒரு பதிலாளை எழுத்துமூலம் நியமிக்க வேண்டும். சிறு பழுதுகளுக்கான செலவுக்குத் தலைமையாசிரியரே ஒப்புதல் தரட்டும். விடுப்பு நாளில் அவரிடம் எந்த விவரமும் கேட்கக் கூடாது என்று வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கு ஆணையிட வேண்டும். தியான வகுப்புகளை அதற்குப் பின் நடத்திக்கொள்ளலாம்.